ஓடு கழற்றும் இரவு

ஐதராபாத்தில் என் வாடகை அறையில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. சென்ற ஆண்டு அதில் ஒரு பெப்பர்மின்ட் இறாலையும் ஒரு ஹாக்ஃபிஷையும் சேர்த்து விட்டேன். இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் ஒரே வெப்பம், ஒரே உப்பளவு. அதுவே போதுமென எண்ணினேன். இறால் ஓடு கழற்றிய இரவில், புதிய ஓடு இறுகுமுன்னரே மீன் அதைத் தின்றுவிட்டது. மீனைக் குறை சொல்ல இயலாது. அதன் இயல்பே அது. படிக்காமல் தேர்ந்தவன் நான்.

இம்முறை பல மாதம் படித்த பின்னரே இரண்டு உயிர்களை வாங்கினேன்: ஒரு பிஸ்டல் இறால், ஒரு மஞ்சள் கோபி மீன். இறாலுக்குப் பார்வை மிக மங்கல். அது மணலில் வளை தோண்டும். கோபி வாயிலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் உணர்கொம்பை மீனின் உடலில் பதித்திருக்கும். ஆபத்தென்றால் மீன் வாலைச் சிலிர்க்கும். இறால் உள்ளே மறையும்.

மொழியியல் மாணவனாதலால் குறிப்பேட்டில் இதனை 'மொழி' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு 'சைகை' என்று திருத்தினேன்.

சிறு தொட்டிக்கு உயிர்களைத் தேர்வோர் அளவையும் நிறத்தையும் பார்க்குமுன் கேட்க வேண்டியது இது: ஒன்று ஓடின்றிக் கிடக்கும் இரவில் மற்றது என்ன செய்யும்?

சென்ற வாரம் இந்த இறாலும் ஓடு கழற்றியது. இரண்டு நாள் அது வெளிவரவில்லை. மூன்றாம் நாள் காலை, கோபியின் முதுகில் ஓர் உணர்கொம்பு தெரிந்தது.