நாற்காலியை நகர்த்தாதீர்கள்

பழகிய வீட்டுக்குள் பார்வை போன நாயைக் கண்டுபிடிப்பது சிரமம். எந்த வாசலில் எத்தனை படி என்பதெல்லாம் அதன் காலுக்கு மனப்பாடம். விருந்தாளி கழற்றிப்போட்ட செருப்பில் தடுக்கும்போதோ, தினமும் தாவி ஏறும் திண்ணைக்கு முன் தயங்கும்போதோதான் சந்தேகம் தட்டும். எங்கள் ரோஸியைக் காட்டிக்கொடுத்தது ஊஞ்சல். ஆடிக்கொண்டிருந்த பலகைக்கு நேரே நடந்து வந்தாள்.

*

முகத்துக்கு முன் கையை வீசிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கை கிளப்பும் காற்று மீசையில் பட்டாலே நாய் கண் சிமிட்டிவிடும். டாக்டர் ஒரு துண்டுப் பஞ்சை உருட்டி, மூக்குக்குச் சற்று முன்னால் மேலிருந்து விட்டார். சத்தமும் வாசனையும் இல்லாமல் விழும் பஞ்சைப் பார்வையுள்ள நாய் கண்ணால் தொடரும். ரோஸி டாக்டரின் குரல் வந்த பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

*

காரணங்கள், கேட்டுக் குறித்துக்கொண்டவை:

கண் சிவந்து, கருவிழி புகைமூட்டமாகி, முகத்தைத் தரையில் தேய்த்தால் க்ளாக்கோமாவாக இருக்கலாம். நாயின் கண் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 25 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். அது எகிறினால் சில மணி நேரத்திலேயே பார்வை நரம்பு சாகத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை போகட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டுக்குள் கண்புரை வந்துவிடும். மனிதர்களுக்குப்போல மெல்ல அல்ல, சில நாட்களிலேயே கண் வெளுத்துவிடுவதும் உண்டு. அறுவை சிகிச்சை செய்யலாம்.

‘சார்ட்ஸ்’ என்று ஒன்று. விழித்திரை திடீரென்று வேலையை நிறுத்திவிடும். ஆரம்பத்தில் கருவியால் உள்ளே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் இ.ஆர்.ஜி. எடுத்தால் மட்டும் கோடு தட்டையாக ஓடும். கூடவே அடங்காத பசி, தாகம். நிரூபணமான மருந்து இல்லை.

நம் ஊரில் மறக்கக் கூடாதது உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா கிருமி இரத்தத்தட்டுகளைக் குறைத்துவிடும். கண்ணுக்குள் இரத்தம் கசியும், விழித்திரை பிய்ந்து வரும். ரோஸிக்கு இதுதான். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, வழக்கமாக 28 நாள். சாப்பாட்டோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீரும் இறங்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். ஒரு கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் திரும்பின.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண்ணுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

*

உண்ணி நாயின் மேல் மட்டும் வாழ்வதில்லை. இரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் போய் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் பாதி வேலைதான்.

*

வீட்டில் செய்தவை. ஊஞ்சலைச் சங்கிலியோடு தூக்கி மேலே மாட்டியாயிற்று. அரிவாள்மணை தரையிலிருந்து மேடைக்குப் போனது. கிணற்றுக்குக் கம்பி வலை. மாடிப்படியின் மேலும் கீழும் தேங்காய்நார் மிதியடி: பாதத்தில் நார் குத்தியதும் அவளுக்குப் படி வருகிறது என்று தெரிந்துவிடுகிறது. தண்ணீர் மண்சட்டியில், அதே மூலையில். சட்டி கனமானதால் நக்கும்போது நகராது.

பினாயில் போட்டுத் துடைத்த நாளில் மட்டும் அவள் தடுமாறினாள். தன் வாசனையை வைத்து வழி பிடிப்பவளுக்கு நாம் வழியையே அழித்துவிடுகிறோம். இப்போது வெறும் தண்ணீர்தான்.

*

பாவம் பார்த்து நாயைத் தூக்கிச் சுமப்பது உதவியல்ல. தூக்கி வேறொரு இடத்தில் இறக்கிவிட்டால் தான் எங்கே நிற்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். அங்கிருந்து வீடு முழுவதையும் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

*

அம்மா கொலுசு போடுவதால் பிரச்சினை இல்லை, வருவது முன்பே தெரிந்துவிடும். அப்பா பூனை நடை. “என்னங்க, ஒரு குரல் குடுத்துட்டுத் தொடுங்க. தூங்குற நாய தொட்டா கடிக்கத்தான் செய்யும்” என்று அம்மா நாளுக்கு நாலு தடவை சொல்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் அதே சட்டம்.

“படி”, “நில்லு”, “இறங்கு” — மூன்று சொல் போதும். ஆனால் வீட்டில் எல்லோரும் அதே மூன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் “இறங்கு”, இன்னொருவர் “கீழ வா” என்றால் குழப்பம்தான்.

*

தெருவில் சிக்கல் வேறு. எதிரே வரும் நாய் வாலை விறைத்து எச்சரிப்பது ரோஸிக்குத் தெரியாது. பதில் மரியாதை காட்டாததால் அது சண்டைக்கு வரும். அதனால் கயிறு குட்டை, நேரம் அதிகாலை. மோப்பம் பிடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அவளுக்கு அதுதான் ஊர்ப் புதினம்.

*

“கஷ்டப்படுது, ஊசி போட்டு அனுப்பிடுங்களேன்” என்றார் உறவினர் ஒருவர். குருடாயிருப்பதற்காக நாய் கஷ்டப்படுவதில்லை, வலியால்தான் கஷ்டப்படும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். க்ளாக்கோமாவில் பார்வை போன பிறகும் கண் வலித்துக்கொண்டேயிருக்கும். மருந்துக்கு அடங்காவிட்டால் அந்தக் கண்ணை எடுத்துவிடச் சொல்வார்கள். முகம் கோரமாகிவிடுமே என்று பலர் மறுத்துவிடுகிறார்கள். எடுத்த பின், மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த நாய் பந்து கேட்டு நிற்பதுண்டு. வலி இல்லையென்றால் ஊசிப் பேச்சுக்கே இடமில்லை. மற்றதெல்லாம் நாற்காலியை இருந்த இடத்திலேயே வைக்கும் வேலைதான்.