ஏணியில் கால் வைக்கும் முன்

1996 மழைக்காலம். குஜராத்தின் வாபி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி பாதி ஏணியிலேயே தலை சுற்றிச் சரிந்தார். இடுப்பில் கயிறு இருந்தது. இழுத்து மேலே போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரியின் தூக்கத்தைக் கெடுத்தது அதுவல்ல. அவரை இழுத்துக்கொண்டிருந்தபோதே இன்னொருவர் கயிறு இல்லாமல், எதுவும் இல்லாமல் ஏணியில் காலை வைத்துவிட்டார். சரிந்தவரின் மச்சான், மனைவியின் அண்ணன். நாலு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் மேலாளர் சுருக்கமாகச் சொன்னார்: "ஒரு சர்க்குலர் போட்டுவிடுங்கள்."

அதிகாரி தமிழர். வாபிக்கு வந்து ஏழு வருடங்கள். அரை மணி நேரத்தில் ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு சொன்ன அத்தனையும் அதில் இருந்தன: தகுதியுள்ளவரின் எழுத்துபூர்வமான சான்று, சுவாசக் கருவி, இடுப்பு பெல்ட், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறு. அலுவலக குமாஸ்தா குஜராத்தியில் மொழிபெயர்த்தார். அன்று அமலில் இருந்த அந்தச் சட்டத்தின் 108-வது பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையினருக்குப் புரியும் மொழியிலும் பிரதான வாயிலருகே இருக்க வேண்டும் என்றது. இருந்தன. குறை சொல்ல எதுவுமில்லை.

யார் படிக்கிறார்கள் என்று பார்க்க, ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் நின்றார். நிரந்தரத் தொழிலாளர்கள் படித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட தொட்டிக்குள் இறங்குகிறவர் இல்லை. இறங்குகிறவர்கள் கிழக்கு உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். முகாதமோடு (மேஸ்திரிக்கு அங்கே அதுதான் பெயர்) பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனார்கள். சட்டத்துக்குப் பெரும்பான்மை போதும். தொட்டிக்குப் போனது சிறுபான்மை.

அன்று மாலை டீக் கடையில் அவர்களோடு உட்கார்ந்தார். விஷவாயு பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். நிறையவே தெரிந்திருந்தது. "மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், ஸாப். அப்போது இறங்க மாட்டோம். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விடும். அப்புறம்தான் இறங்குவோம்." இன்னொருவர், ஊரில் கிணறு தூர் வாரும்போது லாந்தரை இறக்கிப் பார்ப்பது வழக்கம், விளக்கு அணையாவிட்டால் பயமில்லை என்றார்.

அதிகாரிக்கு டீ இறங்கவில்லை. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடினுடையது. காற்றில் மிக மிகக் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரியும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போனது வாயு போனதால் அல்ல, கூடியதால் இருக்கலாம். லாந்தர் சொல்வது பிராணவாயு இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் அது பாட்டுக்கு எரியும். தீப்பற்றும் ஆவி இருந்தாலோ தொட்டியே வெடிக்கும். சர்க்குலரில் "அபாயகரமான வாயுக்கள்" என்று எழுதியிருந்தார். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது எழுதப்பட்டது ஒன்றும் தெரியாதவர்களுக்கு. படிக்க வேண்டியவர்களோ தவறாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள்.

மச்சானும் அங்கே இருந்தார். "மறுபடி இப்படி நடந்தால்?" என்று கேட்டார் அதிகாரி.

"இறங்காமல் எப்படி? ஊருக்குப் போய் தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பேன்?"

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்று அதிகாரியின் மேஜையில் இருந்தது. இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்றது அது. "அனுமதியின்றி எவரும் நுழையலாகாது" என்ற வாசகம் திருட்டுத்தனமாக நுழைகிறவனைப் பார்த்துப் பேசுகிறது. தங்கை புருஷன் கண்ணெதிரே சரியும்போது அனுமதியை யார் நினைப்பார்கள்? போகாதே என்றால் கேட்க மாட்டார். கைகளுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

மூன்று நாள் திருத்தித் திருத்தி எழுதினார். முகாதம் உரக்கப் படிக்க, பையன்கள் புரியாத சொல்லைச் சொன்னார்கள், அவர் அடித்தார். கடைசியில் ஹிந்தியில் நாலே வரிகள் மிஞ்சின. நாற்றம் போனால் வாயு போனதென்று அர்த்தமில்லை. மீட்டர் பார்க்காமல் இறங்காதே. உள்ளே ஒருவன் விழுந்தால் மணியடி, கயிற்றை இழு. நீயும் விழுந்தால் அவனை இழுக்க ஆளில்லை.

வாயிலில் ஒட்டவில்லை. தொட்டியின் இரும்பு மூடி மேலேயே பெயிண்டால் எழுதச் சொன்னார். மூடியைத் திறக்கக் குனிகிறவன் கண்ணில் படாமல் போகாது. படிக்கத் தெரியாதவர்களுக்காக, ஒவ்வொரு முறையும் முகாதம் வாயால் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

ஆனால் இழு என்று எழுதிவிட்டால் போதுமா? தொழிற்சாலையில் இருந்த ஒரே சுவாசக் கருவி ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. அதற்கு இன்னொரு கடிதம், மேலாளருக்கு. அதில் முட்டை நாற்றமும் இல்லை, மச்சானும் இல்லை. மூன்று கால் சட்டத்தோடு ஒரு வின்ச், வாயு மீட்டர், இன்னொரு சுவாசக் கருவி, அவற்றின் விலை. கீழே ஒரு வரி: சட்டத்தின் 92-வது பிரிவுப்படி மீறலுக்கு ஆலையின் உரிமைப் பொறுப்பாளரும் மேலாளரும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் சந்திக்க நேரிடும். அந்த வரியில் 'மேலாளர்' என்ற சொல்லுக்கு அடிக்கோடிடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டார். தேவைப்படவில்லை. கையெழுத்து அந்த வாரமே வந்தது.

மூடியில் எழுதியதைப் பார்த்த மேலாளர் முகம் சுளித்தார். "இது சர்க்குலர் மாதிரியே இல்லையே. எண் எங்கே, தேதி எங்கே?" எண்ணும் தேதியும் உள்ள சர்க்குலர் வாயிலில் பத்திரமாக இருப்பதை அதிகாரி நினைவூட்டினார்.

தீபாவளிக்குப் பிறகு மறுபடி தொட்டியைத் திறந்தார்கள். மச்சான் இந்த முறை மேலே, வின்ச் பக்கத்தில் நின்றார். முகாதம் நாலு வரியையும் சொல்லி முடித்தார். யாரும் கேட்காமலே மச்சான் எட்டி, மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொண்டார்.