வலது கையைத் தூக்குங்க, சார்!

அமெரிக்கக் குடியுரிமை வாங்குவதைப் பற்றி நம்ம ஊரில் இரண்டே அபிப்பிராயம்தான். ஒன்று, 'கொடுத்து வச்சவன்!' இன்னொன்று, 'நாட்டை வித்தவன்!' இந்த இரண்டுக்கும் நடுவில், தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மாசக்கணக்கில் ஒருத்தன் காத்துக் கிடப்பான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 2018-லும் 2019-லும் நியூஜெர்ஸியில் அப்படிக் காத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருத்தன்.

முதலில் கணக்கு. 2001-ல் எச்-1பி விசாவில் போனேன். 2003-ல் கம்பெனி எனக்காக கிரீன் கார்டுக்கு மனு போட்டது. கார்டு கையில் கிடைத்தது 2013-ல். பத்து வருஷம்! வேலை மூலமாகக் கொடுக்கிற கார்டுகளில் எந்த நாட்டுக்கும் வருஷத்துக்கு 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்று ஒரு சட்டம். இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. பந்தியில் ஒரு இலைக்கு ஒரு வடை என்றால் நியாயம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வடை என்றால், எங்கள் குடும்பம் கொஞ்சம் பெரிசு சார்!

கார்டு வந்து அஞ்சு வருஷம் ஆனால் குடியுரிமைக்கு மனு போடலாம். 90 நாள் முன்னதாகவே போட அனுமதி உண்டு. 2018 கோடையில் போட்டேன். கட்டணம் 725 டாலர். (2024 ஏப்ரலிலிருந்து ஆன்லைனில் போட்டால் 710, காகிதத்தில் போட்டால் 760.) படிவத்தின் பெயர் என்-400. அப்போது அது இருபது பக்கம். எல்.ஐ.சி. ஏஜென்ட்கூட நம்மை இவ்வளவு கேட்டதில்லை.

நீ எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தாயா? மொடாக்குடியனா? ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கல்யாணம் செய்திருந்தாயா? (இந்தக் கேள்விக்கு மட்டும் மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.) 1933-க்கும் 1945-க்கும் நடுவில் ஜெர்மனியின் நாஜி அரசாங்கத்தோடு உனக்குத் தொடர்பு உண்டா? அப்போது என் அப்பாவே அரை நிஜார் போட்டுக்கொண்டு திரிந்த பையன். பரம்பரைப் பட்டம் ஏதாவது உண்டா? இருந்தால் விட்டுவிடத் தயாரா? எங்கள் வம்சத்தில் பரம்பரையாக வருவது சர்க்கரை வியாதி ஒன்றுதான். அதை விட்டுவிடச் சொன்னால் இன்றைக்கே தயார்!

இப்படிச் சிரித்துக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். கடந்த அஞ்சு வருஷத்தில் அமெரிக்காவுக்கு வெளியே போன பயணங்களை எல்லாம் எழுதச் சொல்லி ஒரு அட்டவணை. கிளம்பிய தேதி, திரும்பிய தேதி, நாடு, மொத்தம் எத்தனை நாள்.

பழைய பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 2014 டிசம்பர், லீவு, 24 நாள். 2016, அப்பா தவறியபோது, 19 நாள். நான் வந்து சேரும்வரை அவரை இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். 2017, முதல் வருஷத் திதி, 12 நாள். 2018, அக்கா பெண்ணின் கல்யாணம், 10 நாள். மொத்தம் 65 நாள். அஞ்சு வருஷம் என்பது 1,826 நாள். அதில் மாயவரம் பக்கத்தில் என் வீட்டில், என் அம்மா கையால் சாப்பிட்ட நாள் 65. சட்டத்தின் பாஷையில் அதற்குப் பெயர், 'வெளியே இருந்த நாட்கள்'!

சட்டத்தைக் குறை சொல்லவில்லை. குடிமகனாகப் போகிறவன் குறைந்தது 30 மாசமாவது அந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஒரே பயணத்தில் ஆறு மாசத்துக்கு மேல் வெளியே தங்கினால், 'இவன் நிஜமாகவே இங்கே குடியிருக்கிறானா?' என்று சந்தேகம் வரும். ஒரு வருஷம் தங்கினால் அஞ்சு வருஷக் கணக்கு அறுந்துபோகும். அதனால் கிரீன் கார்டுக்காரன் ஊருக்கு வந்தால், தலைக்கு மேல் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டே இருக்கும். அப்பா படுத்திருந்தபோது, 'இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன் தம்பி' என்று அம்மா சொன்னதும், நான் சுவரைப் பார்த்ததும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மனு போட்டதற்குக் காரணமே அம்மாதான். கிரீன் கார்டுக்காரன் மனைவிக்கும் கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் மனு போடலாம். பெற்றவர்களுக்குப் போட முடியாது. 21 வயதான குடிமகன் போடலாம். அதற்கு 7 சதவிகித வடைக் கணக்கும் கிடையாது. 'சீக்கிரம் சிட்டிசன் ஆகி அம்மாவை அழைச்சுக்கணும்.' இதுதான் திட்டம். அம்மாவுக்கு அப்போது 72 வயது. திட்டத்தை அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கைரேகை வைத்தாயிற்று. அப்புறம் மௌனம். இலையுதிர் காலம் போய், பனி கொட்டி, அதை நான் வாரிக் கொட்டி... லெட்டர் மட்டும் வரவில்லை. மனுவின் நிலவரத்தைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, ஆபீஸில் டீ குடிக்கும்போது ஒரு தடவை. பரீட்சை ரிசல்ட்டுக்குப் பேப்பர் கடை வாசலில் நின்ற பழக்கம், எங்கே போனாலும் கூடவே வருகிறது.

அந்தச் சமயத்தில் பழைய கதைகளைப் படித்தேன். பகத் சிங் திண்ட் என்று ஒரு பஞ்சாபி. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்திலேயே சேவை செய்தவர். குடியுரிமை கேட்டு வழக்காடினார். 'சாதாரண ஜனங்கள் சொல்கிற அர்த்தத்தில் நீ வெள்ளைக்காரன் இல்லை' என்று 1923-ல் சுப்ரீம் கோர்ட் கைவிரித்துவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்துகூடப் பறித்தார்கள். 1946-ல் ட்ரூமன் கையெழுத்துப் போட்ட சட்டம் வந்துதான் கதவு திறந்தது. அதுவும், குடியேற வருஷத்துக்கு 100 இந்தியர் என்ற கணக்கில். தலிப் சிங் சௌந்த் என்பவர் 1920-ல் படிக்கப் போனவர். குடியுரிமை கிடைத்தது 1949-ல். 29 வருஷக் காத்திருப்பு! மனுஷர் அதோடு உட்காரவில்லை. 1956 தேர்தலில் நின்று, அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கே போய்விட்டார். அங்கே ஓட்டுரிமையுள்ள உறுப்பினரான முதல் ஆசியர் அவர்தான். இதையெல்லாம் படித்த பிறகு, என் எட்டு மாசத்தைப் பற்றி யாரிடமும் புலம்ப வாய் வரவில்லை.

இன்டர்வியூவுக்குப் பாடம் வேறு. சரித்திரம், அரசாங்கம் பற்றி நூறு கேள்வி கொடுத்துவிடுவார்கள். பத்து கேட்பார்கள், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் பாஸ். (2025 அக்டோபர் 20-லிருந்து மனு போடுகிறவர்களுக்கு 128 கேள்வி, இருபது கேட்டு, பன்னிரண்டு சரியாக வேண்டும். தம்பிகளே, உஷார்!) வாத்தியார் என் பெண். அங்கேயே பிறந்தவள்; வீட்டில் சீனியர் அமெரிக்கன் அவள்தான். கொடியில் ஏன் 13 கோடு? வெள்ளைக்காரனோடு ஏன் சண்டை? அவள் கேட்கக் கேட்க, எனக்கு கார்ன்வாலிஸ் ஞாபகம் வந்தது. 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தது அவர் படை. அப்படித் தோற்றவரை, 1786-ல் கவர்னர் ஜெனரலாக நம்ம தலையில் கட்டினார்கள். அங்கே கோட்டை விட்டதை இங்கே வந்து பிடித்துக்கொண்டார். 1792-ல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கியவர் அவரேதான். இதை மகளிடம் சொன்னேன். 'சிலபஸ்ல இல்லப்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அடுத்தது 53-வது கேள்வி. குடிமகன் ஆகும்போது நீ கொடுக்கிற வாக்குறுதிகளில் ஒன்று சொல். 'மற்ற நாடுகளிடம் வைத்திருக்கும் விசுவாசத்தை விட்டுவிடுவேன்' என்றேன். போனில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

''என்னத்தை விடணுமாம் தம்பி?''

''மத்த நாட்டு விசுவாசத்தைம்மா.''

''காசிக்குப் போய்க் கத்திரிக்காயை விடற மாதிரியா?''

பதில் சொல்லத் தெரியவில்லை. காசியில் கத்திரிக்காயை விட்டவர்கள் அப்புறம் வாழ்நாள் பூரா அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். பார்த்திருக்கிறேன்.

2019 மார்ச்சில் அந்த போன் வந்தது. அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. 'ஒண்ணுமில்ல, நீ வராதே, கடுதாசி வந்துடப் போவுது' என்கிறாள். நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள். 'இத்தனை வருஷம் காத்திருந்தாச்சு. இன்டர்வியூ தேதியைத் தவறவிட்டா மறுபடி எப்போ கூப்பிடுவானோ?' மனைவி மட்டும் எதுவும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கி வைத்தாள். கிளம்பிவிட்டேன்.

பதினோரு நாள். வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவளுக்குத் தலை வாரிவிட்டேன். எட்டாவது நாள் மனைவி போன். ''லெட்டர் வந்துடுச்சு. நீங்க திரும்பி மூணாம் நாள் இன்டர்வியூ.'' அம்மா என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள். தான் விழுந்ததால்தான் லெட்டரே வந்தது என்று இன்றைக்கும் நம்புகிறாள்.

அதிகாரி ஐம்பது வயசு அம்மாள். அறைக்குள் போனதும், 'உட்காராதீர்கள், வலது கையைத் தூக்குங்கள்' என்றார். சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம். அப்புறம் கேள்விகள். முதல் ஆறுமே சரியாக இருந்ததால் அதோடு நிறுத்திவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும், ஒன்று எழுத வேண்டும். பதினெட்டு வருஷம் அந்த பாஷையில் சம்பளம் வாங்கியவனுக்கு எழுதும்போது கை நடுங்கியதற்கு என்ன காரணம் என்று கேட்காதீர்கள்.

பிறகு அந்த அட்டவணைக்கு வந்தார். ''மனு போட்ட பிறகு வெளியே போனீர்களா?''

''பதினோரு நாள். அம்மா கீழே விழுந்துவிட்டார்.''

சிவப்பு மையால் குறித்துக்கொண்டார். 65, 76 ஆனது. தலை நிமிராமலே கேட்டார், ''இப்போ எப்படி இருக்காங்க?'' இருபது பக்கப் படிவத்தில் இல்லாத கேள்வி அது ஒன்றுதான்.

ஜூனில் உறுதிமொழி விழா. வாசலில் கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பத்து வருஷம் காத்திருந்து வாங்கிய கார்டு, ஒரு அட்டைப்பெட்டியில் நூறோடு நூற்றொன்றாக விழுந்தது. ஒவ்வொரு நாட்டின் பெயராகச் சொல்ல, அந்தந்த ஊர்க்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். 'இந்தியா' என்றதும் எழுந்தேன். ஸ்கூலில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு வித்தியாசம். இது கடைசி அட்டெண்டன்ஸ். அந்நிய ராஜாக்கள், அதிபதிகள் எல்லோரிடமும் உள்ள பற்றைத் துறக்கிறேன் என்று உறுதிமொழி. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு ராஜா 1855-லேயே போய்ச் சேர்ந்தாச்சு, அதில் கஷ்டமில்லை. ஆனால் நம்ம 1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கிக்கொண்டால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும் என்கிறது. யாரும் வந்து பிடுங்க வேண்டாம். கையைக் கீழே இறக்கும்போது அது இல்லை. அவ்வளவுதான்.

நிஜமான பயம் அதற்கு அப்புறம்தான். பழைய பாஸ்போர்ட்டைக் காட்டிப் பயணம் செய்தால் குற்றம். புதுசு வர வேண்டும், பழசை ஒப்படைக்க வேண்டும், பிறகு ஓ.சி.ஐ. கார்டு வர வேண்டும். எனக்கு இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஊருக்கு அவசரமென்றால் நினைத்த மாத்திரத்தில் விமானம் ஏற முடியாது. அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

''தெரியும் தம்பி, உன் பொண்டாட்டி சொன்னா. இந்த ரெண்டு மாசம் நான் ஜாக்கிரதையா இருக்கேன். கொல்லைப் பக்கமே போவல.''

எனக்காகக் காத்திருந்தவர்களில் இப்படி நடை குறைத்துக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஓ.சி.ஐ. என்பது 2005-ல் வந்த ஏற்பாடு. பெயரில் குடிமகன் உண்டு; காரியத்தில் இல்லை. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. கல்யாண ஆல்பத்தில் மட்டும் இருக்கிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி! ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம்.

சரி, அம்மாவுக்கு மனு போட்டேனா? பேச்செடுத்ததுமே கேட்டாள். ''அந்தக் கார்டு வாங்கினா நானும் அங்கேயேதானே இருக்கணும்? நாளை எண்ணிக்கிட்டு இங்கே வந்து போவணுமா? உன் அப்பா இருந்த வீட்டுக்கு நான் விருந்தாளியா வர மாட்டேன்.'' திட்டம் அதோடு முடிந்தது.

2022-ல் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்தேன். ஏழு மாசம் இருந்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் வைத்திருந்த நாளில், ஆறாவது மாசம் தொடங்கினாலே எனக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். இப்போது அமெரிக்காக்காரன். எங்கே எத்தனை நாள் இருந்தாய் என்று அந்த அரசாங்கம் அட்டவணை கேட்காது. சொந்த வீட்டில் நாளை எண்ணாமல் தூங்குவதற்கு எனக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் தேவைப்பட்டது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நிஜம்.

நாலாவது மாசம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. திண்ணையில் அம்மாவிடம் கேட்டார்கள். ''என்னங்க, புள்ளைக்கு அங்கே வேலை கீலை போயிடுச்சா? இத்தனை நாளா இங்கேயே இருக்காரே?''

அம்மா காலை நீட்டிக்கொண்டே சொன்னாள்: ''அதெல்லாம் இல்ல. அவன்தான் அமெரிக்காக்காரன் ஆயிட்டானே... அதான் இங்கேயே இருக்கான்!''