முதல் மிஷினை யார் தேர்ந்தெடுப்பது?

பெண்கள் குழு என்றால் தையல் மிஷின் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். மேடை போட்டு, சால்வை போர்த்தி, மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். "உங்களுக்கு எந்த மிஷின் வேண்டும்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கரூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பத்துப் பெண்களோடு வேலை செய்யும் எங்களுக்கு, அந்தக் கேள்வியை நாங்களே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. பதில் கிடைக்க நான்கு மாதம் ஆனது. குழு வேலையில் இறங்கும் மாணவர்களுக்கும் இளம் தோழர்களுக்கும் பயன்படும் என்று அதை எழுதுகிறோம்.

கரூர், வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பேர் போன ஊர். பெட்ஷீட், திரைச்சீலை, மேசை விரிப்பு, அடுப்படித் துணி எல்லாம் இங்கிருந்து கப்பலேறுகின்றன. எங்கள் குழுவில் ஏழு பேர் அந்தக் கம்பெனிகளில் பிசிறு வெட்டியவர்கள், செக்கிங் பார்த்தவர்கள், பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்கள். வெட்டியது போக மிஞ்சும் துணி அங்கே கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. அதை வாங்கி, நிறம் பிரித்து, துண்டுகளை இணைத்து மேல்பாகம் செய்கிறோம். நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் காடாத் துணி. மூன்றையும் சேர்த்து வரிவரியாகத் தைத்தால் போர்வை. வெளிநாட்டில் குவில்ட் என்கிறார்கள். எங்களுக்கு ஒட்டுப்போர்வை.

மிஷின் பேச்சு வருவதற்கு முன்பே ஒரு எதிர்ப்பு வந்தது. குழுவில் மூத்தவரான பெரியம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, பண்ணாடி ஊட்டுல பழசு குடுத்தாங்க, கட்டிக்கிட்டு வளந்தோம். இப்ப எம் பேத்தி கம்பெனிக் குப்பையப் பொறுக்கித் தெக்கோணுமா?"

அந்தக் கேள்வியை "அது மறுசுழற்சி, சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று சொல்லித் தாண்டிவிட முடியாது. கழித்துப்போட்ட துணி யாருடைய உடம்புக்கு என்பதை இந்தச் சமூகம் நெடுங்காலம் சாதி பார்த்தே முடிவு செய்தது. 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர் உடுத்தும் முறையை மாற்றச் சொல்லிப் பேசியது இதனால்தான். துணி வெறும் துணி அல்ல. அதனால் இரண்டு விஷயம் முடிவானது. வேஸ்ட் துணியை யாரும் சும்மா கொடுத்தால் வாங்குவதில்லை. எடை போட்டு, விலை பேசி, பில்லோடுதான் வாங்குவது. தைத்ததில் முதல் போர்வை பெரியம்மா வீட்டுக்கு. அவர் இப்போது நிறம் பிரிக்கும் வேலையைப் பார்க்கிறார். துணி வாங்கும் பேரத்துக்கும் அவரே போகிறார்.

அடுத்து, நேரக் கணக்கு. எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்னால் வேலை எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நோட்டு போட்டோம். 60க்கு 90 அங்குலப் போர்வை ஒன்றுக்குத் துணி வெட்டவும் இணைக்கவும் ஒன்பது மணி நேரம். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கப் பதினாலு மணி நேரம். காரணம் தையல்காரியின் வேகம் அல்ல, மிஷினின் கழுத்து. வீட்டு மிஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே ஆறேழு அங்குலம்தான் இடைவெளி. கம்பெனி பவர் மிஷினில் பத்து அங்குலம் சொச்சம். போர்வையின் நடுவில் தைக்கும்போது பாதி அகலம், அதாவது 30 அங்குலத் தடித்த துணி, சுருட்டிய நிலையில் அந்தச் சந்துக்குள் நுழைய வேண்டும். இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விடும். அடித்துணி சுருங்கி மடிப்பு விழும். பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும்.

இதற்கென்றே வெளிநாட்டில் இருப்பது லாங்ஆர்ம் குவில்டிங் மிஷின். அங்கே இருக்கும் ஒரு தோழர், "பணம் திரட்டித் தருகிறோம், அதையே வாங்குங்கள்" என்றார். அதில் துணி நகராது, மிஷின் நகரும். பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் மூன்று அடுக்கும் உருளைகளில் விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். தலைப்பகுதி தண்டவாளத்தில் உருண்டபடி தைக்கும். கைப்பிடியைப் பிடித்துப் படம் வரைவதுபோல் நகர்த்தினால் போதும். வேகமாக நகர்த்தினாலும் மெதுவாக நகர்த்தினாலும் தையலின் நீளத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி பெரும்பாலானவற்றில் உண்டு. கழுத்து பதினெட்டு முதல் இருபத்தாறு அங்குலம் வரை. பூ, கொடி, அலை எதுவும் போடலாம். வீடியோவைப் பார்த்த பெண்களின் கண் விரிந்தது. எங்கள் நோட்டுக் கணக்கும் அதற்குத்தான் சாதகம்.

ஆனாலும் வேண்டாம் என்று முடிவானது. மூன்று காரணங்கள்.

முதலாவது, இடம். பன்னிரண்டு அடிச் சட்டத்துக்குச் சுற்றிலும் நடக்க வழி வேண்டும். மெயின் ரோட்டில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடியில் ஒரு கடை காலியாக இருந்தது. போனில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிந்தது. நேரில் போனோம். "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். மறுநாள், "சொந்தக்காரங்களுக்கு விட்டாச்சு" என்று பதில். இரண்டு மாதம் கழித்தும் அதில் பூட்டுத்தான் தொங்கியது. இன்னொரு இடத்திலும் இதே கதை. கடைசியில் கிடைத்தது குழுவில் ஒருவரின் வீட்டு முன்னறை, பத்துக்குப் பதினாலு அடி. ஒரு மிஷினின் விவரத்தாளில் சட்டத்தின் நீளம் அங்குலத்தில் இருக்கும். அதை வைக்க நமக்கு யார் சுவர் தருவார்கள் என்பது எந்த விவரத்தாளிலும் இருக்காது. கருவிகளைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இந்தப் பதினாலு அடி அறைதான்.

இரண்டாவது, ரிப்பேர். இறக்குமதி மிஷினில் எலக்ட்ரானிக் போர்டு போனால் யார் வருவார்கள்? அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்கு என்று செய்தது 120 வோல்ட், நமக்கு 230. அதற்கேற்ற மாடல் கேட்டு வாங்க வேண்டும். பல லட்சம் ரூபாய் மிஷின் ஒரு சின்ன உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் நின்றால், தவணை நிற்காது. கரூர் மெக்கானிக் சைக்கிளில் வந்து பார்க்கக்கூடிய மிஷின்தான் எங்களுடையது.

மூன்றாவது காரணத்தைத்தான் நீண்ட நேரம் பேசினோம். லாங்ஆர்மை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்ட முடியும். பழகவும் நாள் பிடிக்கும். துண்டுகளை இணைக்கும் வேலையை அது செய்யாது. அதற்கு வேறு மிஷின் வேண்டும். ஆக, ஒருத்தி "மிஷின்காரி" ஆவாள். ஒன்பது பேர் அவளுக்குத் துணி தயார் செய்து கொடுப்பவர்கள் ஆவார்கள். கம்பெனியில் டெய்லருக்கு ஒரு மரியாதை, பிசிறு வெட்டுபவருக்கு இன்னொன்று. அந்த ஏணியைக் காலனிக்குள் கொண்டுவந்து நட்டுவைக்கவா குழு?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊர் இருக்கிறது. ஆற்று வளைவில் இருக்கும் ஊர். வாக்குரிமைப் போராட்டக் காலத்தில், 1962-இல், அக்கரைக்குப் போகும் படகு நிறுத்தப்பட்டது. அது திரும்ப ஓடியது 2006-இல். அந்த வட்டாரப் பெண்கள் 1966-இல் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். கூட்டுறவு பிறகு நிலம் வாங்கியது. வாக்காளராகப் பதிந்ததற்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனை கிடைத்தது. சொந்தத் தையல் கூடமும் எழுந்தது. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய்த் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அது நிலையான கூலி தந்தது. அதே சமயம் ஒரே அச்சில் தைக்கும் வேலையாகவும் இருந்தது. அந்த ஊரின் பழைய போர்வைகள் 2002-இல் அருங்காட்சியகங்களுக்குப் போனபோது உலகம் வியந்தது, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத அந்தக் கைவேலையைத்தான். நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில், சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் கவந்தியும் நேர்வரிக் கைத்தையல்தான். இவர்களிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தது இரண்டு: பூவும் கொடியும் போட்டால்தான் அழகு என்பதில்லை. மிஷினுக்கு முன்னால் காலடியில் சொந்த இடம் வேண்டும்.

அப்புறம் எதை வாங்கினோம்? பதில் கரூரிலேயே இருந்தது. இங்கே பஸ் பாடி கட்டும் பட்டறைகள் நிறைய. சீட்டுக்கு ரெக்ஸின் தைப்பவர்களிடம் நீண்ட கழுத்து மிஷின் உண்டு. தார்ப்பாய், ஷாமியானா தைப்பவர்களிடமும் உண்டு. கழுத்து பதினெட்டு அங்குலம். மேல் பாதம் துணியோடு சேர்ந்து நடக்கும் 'வாக்கிங் ஃபுட்' வகை. மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றாக நகர்வதால் மடிப்பு விழாது. சுருட்டிய 30 அங்குலம் பதினெட்டில் அடங்கும். நான்கடி மேசையோடு பின்னால் ஒரு பலகை சேர்த்தால் போதும். வளைவு வராது, நேர்வரி வரும். எங்களுக்கு அது போதும்.

செகண்ட் ஹேண்டில் பார்த்தோம். பார்க்கப் போகும் தோழர்களுக்குச் சில குறிப்புகள்: உங்கள் துணியை, உங்கள் மூன்று அடுக்கைக் கையோடு கொண்டுபோங்கள், கடைக்காரர் தரும் ஒற்றைத் துணியில் எந்த மிஷினும் அழகாகத்தான் தைக்கும். பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டிவிட்டு அடிநூலைத் திருப்பிப் பாருங்கள். ஹூக் முனை மழுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மிக மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பழைய கிளச் மோட்டார் தைக்காதபோதும் சுற்றிக்கொண்டே மின்சாரம் குடிக்கும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போதுதான் ஓடும், சத்தமும் குறைவு. ஓட்டிப் பார்ப்பது நீங்களாக இருக்கக் கூடாது, தைக்கப்போகிறவராக இருக்க வேண்டும்.

சர்வோ மோட்டார், மேசை உட்பட 46,000 ரூபாய். குழுச் சேமிப்பு பாதி, வங்கிக் கடன் பாதி. மானியக் கடனுக்குப் பொதுவாகப் புது மிஷினின் விலைப்பட்டியல் கேட்பார்கள் என்பதால் அந்த வழியை இணைப்புத் தையலுக்கான அடுத்த மிஷினுக்கு வைத்திருக்கிறோம். கடைக்காரர், "பில் எந்த ஆம்பளை பேர்ல போடட்டும்?" என்றார். குழுவின் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பைத் தலைவி எடுத்து மேசைமேல் வைத்தார். பில்லும் கடனும் குழுவின் பெயரில். மிஷினைக் குழு கூடி எழுதாமல் யாரும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்று தீர்மானமும் எழுதினோம்.

இப்போது பதினாலு மணி நேர வேலை ஐந்து மணி நேரத்துக்கு வந்திருக்கிறது. வாரம் ஒருவர் என்று முறை வைத்து ஆறு பேர் மிஷின் பழகிவிட்டார்கள். குறைகளும் உண்டு. ஆர்டர் ஒழுங்காக வருவதில்லை. முன்னறை கொடுத்த வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் வேலை நிற்கும். இடத்துக்காக ஊராட்சிக்கு மனு போட்டிருக்கிறோம், விடப்போவதில்லை. லாங்ஆர்மைக் கனவிலிருந்து எடுத்துவிடவும் இல்லை. பன்னிரண்டு அடி நீளச் சுவர் எங்கள் பெயரில் வரும்போது மறுபடி பேசுவோம்.

தோழர்களே, அடுத்த முறை ஏதோ ஒரு காலனிக்குக் கருவி கொண்டுபோகும் திட்டத்தில் நீங்கள் இருந்தால், கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: வேலை எங்கே தேங்குகிறது? எந்த அறையில் வைப்பது, அந்த அறை யாருடையது? கெட்டுப்போனால் யார் வருவார்? எத்தனை பேர் ஓட்டுவார்கள்? பில் யார் பெயரில்? பதிலை நீங்கள் எழுதாதீர்கள். தைப்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் நோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.