சாத்தூரில் இறங்கி இருக்கன்குடிக்கு

சாத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காரச் சேவா? பிஞ்சு வெள்ளரிக்காயா? எனக்கு இனிமேல் ஒரு பாட்டி கேட்ட கேள்விதான் ஞாபகம் வரும்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசிக்க எழும்பூரில் ரயில் ஏறியிருந்தேன். பொழுது விடிந்து, விருதுநகரும் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் பூமி. எதிர் ஆசனத்தில் மஞ்சள் பையை மடியில் வைத்திருந்த பாட்டி, வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு திடீரென்று, "இம்புட்டுத் தூரத்துக்குத் தண்டவாளம் போட்டிருக்காகளே, இம்புட்டு நிலத்தையும் கொடுத்தவுக யாரு தாயி?" என்றாள்.

நான் விழித்தேன். பாட்டியே தொடர்ந்தாள்: "எங்க பூட்டன் காலத்துக் காடு லயனுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு சொல்லுவாக. காயிதம் ஒண்ணும் இல்லை."

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் புத்தகங்களைப் புரட்டினேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மதுரையிலிருந்து சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876-ல். பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. ஆனால் கம்பெனிக்காரர்கள் வீடு வீடாக வந்து நிலம் கேட்கவில்லை, கேட்டது சர்க்கார். ஆரம்ப கால ஒப்பந்தங்களின்படி, நிலத்தைச் சர்க்கார் தன் செலவில் வாங்கிக் கம்பெனிக்கு இனாமாகக் கொடுக்கும். கம்பெனி போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டிக்கும் சர்க்காரே ஜவாப்தாரி! மாப்பிள்ளைக்கு வீட்டையும் கொடுத்து, மாதச் செலவுக்கும் பெண் வீட்டார் பொறுப்பேற்றுக்கொண்ட கதைதான்.

1870-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. நோட்டீஸ் வரும், கலெக்டர் ஒரு தொகை சொல்வார், ஒப்பவில்லையென்றால் கோர்ட்டுக்குப் போகலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரயிலுக்கு எடுக்கும் நிலம் வீட்டு மனை மாதிரிச் சதுரமாகவா இருக்கும்? புடவைக் கரை மாதிரி நீளமாய், ஒடுங்கலாய், பல பேருடைய காட்டை நடுவில் அறுத்துக்கொண்டு போகும். கிணறு இந்தப் பக்கம், பருத்திச் செடி அந்தப் பக்கம். கஞ்சிக் கலயத்தோடு போகிற பெண்பிள்ளை கேட் இருக்கும் இடம் வரை சுற்றிப் போக வேண்டும். நிலம் துண்டானால் அந்த நஷ்டத்துக்கும் ஈடு உண்டு என்று சட்டம் சொல்லியது. ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். வக்கீல் வைக்கவும் கையில் காசு வேண்டும். பட்டாவோ பெரும்பாலும் ஆண்கள் பேரில். நடந்து நடந்து கால் தேய்ந்தவளை யார் கேட்டார்கள்?

அந்தப் பாதை திறந்த அதே 1876-ல்தான் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. நிலத்துக்கு வந்த பணம் எத்தனை வீட்டில் கம்பாகவும் சோளமாகவும் கரைந்ததோ!

கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இருந்தார். எங்கே என்கிறீர்கள்? நான் ரயில் ஏறினேனே, அந்த எழும்பூரிலேயே! அவர் டாக்டர் புல்னி ஆண்டி. பழனியாண்டி என்று சொன்னால் நம் வாய்க்குச் சுலபம். 1860-ல் பிரிட்டனில் வைத்தியப் பட்டம் பெற்றவர். இந்தியரில் அவரே முதல்வர் என்பார்கள். இன்று ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் அவருக்கு 1.83 ஏக்கர் சொத்து இருந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி விலைக்குக் கேட்டபோது முதலில் அவர் மறுத்துவிட்டார். இதைப் போல் இன்னொரு இடம் எனக்கு எங்கே கிடைக்கும் என்பது அவர் வாதம். பிறகு அவர் கேட்ட தொகை, மயக்கம் போட்டுவிடாதீர்கள், 1 லட்சம் ரூபாய்! ஸ்டேஷன் முழுவதையும் கட்டி முடிக்க ஆன செலவே 17 லட்சம்தான்.

கடைசியில் நிலம் கைமாறியது. 1905-ல் வேலை தொடங்கி, 1908 ஜூன் 11-ந் தேதி ஸ்டேஷன் திறந்தார்கள். அந்தச் சிவப்புக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு டாக்டரின் நினைவு வரும். 'இன்னொரு இடம் எங்கே கிடைக்கும்?' என்ற கேள்வியைக் கரிசல்காட்டுச் சம்சாரியும் மனசுக்குள் கேட்டிருப்பான். அவனிடம் லட்சம் கேட்கும் துணிச்சல் மட்டும் இல்லை.

1894-ஆம் வருஷத்துச் சட்டத்தில், பலவந்தமாய் எடுப்பதற்காக, நிலத்தின் விலைக்கு மேல் நூற்றுக்கு 15 சேர்த்துக் கொடுத்தார்கள். 1984-ல் அது 30 ஆயிற்று. 2013-ஆம் வருஷத்துச் சட்டம் விலைக்குச் சமமான இன்னொரு பங்கையே ஆறுதல் தொகையாகச் சேர்க்கச் சொல்கிறது. கம்பெனி போய் ரயில் சர்க்காருடையதாகி, 1951-ல் தெற்கு ரயில்வேயும் பிறந்துவிட்டது. பாட்டியின் பூட்டனார் காட்டுக்கு இதெல்லாம் எப்படி எட்டும்?

சாத்தூரில் இறங்கிப் பாட்டியும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். கிழக்கே சில மைல் தூரம்தான். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் கோயில். இரு கங்கைக் குடி என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்கிறார்கள். ஆறு என்று பெயர். கண்ணுக்கு எட்டியவரை மணலும் ஜனங்களும்தான். அக்கினிச் சட்டிகள் ஒரு பக்கம், கண் நோய் தீர்ந்ததற்குக் காணிக்கை செலுத்துகிறவர்கள் ஒரு பக்கம், கரும்புத் தொட்டிலில் குழந்தை ஒரு பக்கம்.

மணலில் உட்கார்ந்து பாட்டி அம்மன் கதையைச் சொன்னாள். ஆற்றங்கரையில் சாணம் பொறுக்க வந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்தாளாம். மறுபடி தூக்கப் பார்த்தால் கூடை அசையவில்லை. பத்துப் பேர் கூடியும் முடியவில்லை. அவள் மேல் அருள் வந்து, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்றாளாம். தோண்டினால் அம்மன்!

"அவ நகர மாட்டேன்னுட்டா தாயி" என்று சிரித்துக்கொண்டே மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள் பாட்டி. மத்தியான ரயிலுக்கு நேரமாகியிருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே மருமகளுக்கென்று அரைக் கிலோ சேவு வாங்கி மஞ்சள் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.