பழுப்பாக வந்தால்தான் வெல்லம்

மார்கழி பிறந்துவிட்டால் பாபநாசம் வட்டம் வீரமாங்குடி பக்கம் அச்சு வெல்லக் கொட்டகைகளில் அடுப்பு அணையாது. அங்கே ஒரு கொட்டகையில் குடும்பமே வேலையாள். அப்பா கரும்பை ஆலையில் கொடுப்பார். மகன் காய்ந்த சக்கையை அடுப்பில் தள்ளுவான். கொப்பரையில் பொங்கும் அழுக்கை அம்மா அரித்தெடுப்பார். சாறு தெளிய அளவாகச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். 100 கிலோ கரும்புக்குச் சுமார் 10 கிலோ வெல்லம் கிடைக்கும். பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, உருண்டு திரண்டால் பதம்.

சிக்கல் நிறத்தில்தான். மண்டியில் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால்தான் நல்ல விலை. அதற்காகச் சிலர் ‘ஹைட்ரோஸ்’ எனும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் பாகில் போடுகிறார்கள். அந்தக் கந்தகம் வெல்லத்திலும் தங்கிவிடும்.

“நாமளும் கொஞ்சம் போட்டா என்னம்மா? விலை கூடக் கிடைக்குமே” என்றான் மகன்.

“போடலாம்டா. நம்ம வீட்டுப் பொங்கலுக்கு எதை எடுத்து வைப்பே?”

அவனிடம் பதில் இல்லை. வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீரை ஊற்றினார்கள். அழுக்கு நன்றாகத் திரண்டது. நிறமும் சற்றுத் தெளிந்தது. ஆனாலும் பழுப்புதான். மண்டியில் விலையைக் குறைத்துத்தான் கேட்டார்கள்.

கடையில் பழுப்பு வெல்லத்தைக் கேட்டு வாங்குபவர்கள் பெருகினால், மண்டியும் மாறும்.