கொளத்தூரில் கிடைத்த உறைமோர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் பத்து வயதுப் பெண்ணும் திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி, வில்லிவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கொளத்தூர் போனோம். கோயிலுக்கு அல்ல, மீன் வாங்க! வளர்ப்பு மீனுக்குச் சென்னையில் பேர் போன இடமாயிற்றே.

போனதற்குக் காரணம் என் கைவரிசைதான். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது மீன் தொட்டியின் ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே பஞ்செல்லாம் பழுப்பேறி வழவழவென்று இருந்தது. விடுவேனா? பஞ்சு, பீங்கான் வளையம் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்து அலசி, வெயிலில் காயவைத்து மாட்டினேன். ஒரே வாரத்தில் ஆறு தங்கமீனில் நாலு மிதந்தன. "நீ சுத்தம்தானேம்மா பண்ணே?" என்று அவள் அழுதபோது என்னிடம் பதில் இல்லை.

கொளத்தூரில் கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டிகள். ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் கப்பி, மோலி, ஃபைட்டர் மீன்கள். வீட்டிலேயே தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்கவைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒரு கடைக்கார அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஏங்க்கா, உறைமோரைக் கொட்டிட்டு கிண்ணத்தைக் கழுவிட்டா, நாளைக்குத் தயிர் எப்படி உறையும்?" என்றாள்.

சட்டென்று புரிந்தது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்த வழவழப்பில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரினும் வெயிலும் சேர்ந்து அவற்றைக் கொன்றுவிட்டன.

அவள் சொன்ன பக்குவம் இதுதான், குறித்துக்கொள்ளுங்கள்:

பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். சோப்பு கூடவே கூடாது. கிழிந்துபோனால் புதியதைப் பழசோடு ஒரு மாதம் சேர்த்து வைத்து, பிறகு பழசை எடுக்கவேண்டும்.

பீங்கான் வளையங்களின் நுண்துளைகள்தான் நுண்ணுயிர்களின் வீடு. அடிக்கடி தொடாதீர்கள். அடைத்துக்கொண்டால் மட்டும் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள்.

கார்பன் வாடையையும் மஞ்சள் நிறத்தையும் எடுக்கும். சுமார் ஒரு மாதத்தில் சத்து தீர்ந்துவிடும்; மாற்றவேண்டும். மீனுக்கு மருந்து விடும்போது கார்பனை வெளியே எடுத்துவிடுங்கள், மருந்தையும் உறிஞ்சிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவே கூடாது.

புது மீன் கேட்டதற்கு, "இப்ப வேணாங்க்கா, அதுவும் செத்துடும். ஒரு மாசம் போகட்டும்" என்று மறுத்துவிட்டாள். வியாபாரிக்கு இப்படியும் மனசா! தன் தொட்டியிலிருந்த பழைய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற மாதிரி வாங்கி வந்தேன்.

அந்தத் துண்டைப் போட்டு, ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரில் தினமும் கால் பங்கு மாற்றி வந்தோம். மிச்சமிருந்த இரண்டும் பிழைத்துவிட்டன. தொட்டிமேல் என் பெண் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "அம்மா, என்னைக் கேட்டுட்டுக் கழுவு!"